ஸ்லாப்பை உடைப்பதா, விடுவதா: ஒரு கிரவுனையும் ஒரு பென்னியையும் வெளியே எடுத்த அனுபவம்

கிரேடிங் நிறுவனம் பார்த்து, மதிப்பெண் போட்டு, ஸ்லாப் எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி அனுப்பிய நாணயத்தை வெளியே எடுக்கலாமா? இந்தக் கேள்வியைக் கேட்டாலே சேகரிப்பாளர்களில் ஒரு சாரார் பதறிப்போகிறார்கள். இன்னொரு சாரார், நாணயத்தைக் கையில் பிடிக்காமல் என்ன சேகரிப்பு என்று கேட்கிறார்கள். இரண்டு பேச்சுமே எல்லா நாணயத்துக்கும் பொருந்தாது. அந்தப் பெட்டி அந்த நாணயத்துக்கு இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உருப்படியான வேலை செய்கிறதென்றால் கை வைக்கக் கூடாது. வேலையே இல்லை, அல்லது உள்ளேயே கெடுதல் நடக்கிறது என்றால் எடுத்துவிடலாம். என்னிடம் இருந்த ஸ்லாப்புகளை இப்படித்தான் பிரித்தேன். இரண்டை உடைத்தேன், மற்றவற்றை அப்படியே விட்டேன்.

முதலில் பெட்டி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். அமெரிக்க கிரேடிங் நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் வேலையைத் தொடங்கின. அதற்கு முன்பு பெரும்பாலும் விற்பவர் ஒரு தரம் சொல்வார், வாங்குபவர் ஒரு தரம் சொல்வார், அங்கேயே பேரம் முட்டிக்கொண்டு நிற்கும். மூன்றாவது ஆள் ஒருவர் பார்த்து, இது அசல், தரம் இவ்வளவு என்று சொல்லி, அந்தச் சொல்லையும் நாணயத்தையும் பிரிக்க முடியாதபடி ஒரே பெட்டிக்குள் பூட்டும் வழக்கத்தைப் பரவலாக்கியதுதான் இவர்கள் செய்த மாற்றம். 1 முதல் 70 வரை போகும் அந்த மதிப்பெண் அளவுகோலும் இவர்களுடையது இல்லை. வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய அமெரிக்கச் செப்புச் சென்ட்டுகளுக்காக 1949-ல் வகுத்தது அது.

பெட்டியோடு ஓர் உத்தரவாதமும் வருகிறது. பெட்டியை உடைத்த நொடியில் அது போய்விடும். எம்எஸ் 65 (எம்எஸ் என்றால் புழங்காத நாணயம், 65 அதன் மதிப்பெண்) என்று எழுதியிருந்த நாணயம் வெளியே வந்ததும் வெறும் நாணயம்தான். லேபிளைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு காட்டினாலும் யாரும் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. அந்த லேபிள் இந்த நாணயத்துடையதுதான் என்பதற்குப் பெட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

பெட்டி செய்யாத வேலையையும் சொல்லிவிட வேண்டும். அது காற்றுப் புகாத பெட்டி இல்லை. தூசி, கைரேகை, கீறல் இவற்றைத் தடுக்கும். காற்றில் இருக்கிற கந்தகத்தையும் ஈரத்தையும் முழுசாகத் தடுக்காது. ஸ்லாப்புக்குள் இருக்கும்போதே வெள்ளி கறுப்பதும், செம்பு தன் சிவப்பை இழந்து பழுப்பாவதும் நடக்கத்தான் செய்கின்றன. ஆகவே ஸ்லாப்பில் இருக்கிறதே என்று ஈரமான இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. உலர்ந்த இடமும் கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஸ்லாப்புக்கும் வேண்டும்.

உடைக்காமல் விட்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாவரின் என்ற பிரிட்டிஷ் தங்க நாணயம் ஒன்று. 22 காரட், 7.98 கிராம். உலகத்தில் அதிகமாகப் போலி அடிக்கப்பட்ட தங்க நாணயங்களில் இதுவும் ஒன்று, அதனால் அந்த நிறுவனத்தின் உத்தரவாதத்துக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது. அடுத்து, கண்ணாடிபோல மின்னும் ப்ரூஃப் நாணயம் ஒன்று, அதாவது சேகரிப்பாளர்களுக்கென்றே தனிக் கவனத்தோடு அடித்தது. அதன் வெற்றுப் பரப்பில் ஒரு துணி பட்டாலே மயிரிழைக் கோடு விழும், விழுந்தால் போகாது. சிவப்பு மாறாத செம்பு நாணயமும் அப்படித்தான், ஒரு விரல் பட்டால் அந்த ரேகை காலத்துக்கும் பதிந்துவிடும். கடைசியாக, ஆரம்பகாலச் சின்ன ஸ்லாப்பில் இருக்கும் ஒரு மோர்கன் டாலர், பழைய அமெரிக்க வெள்ளி நாணயம். ஆட்டினால் உள்ளே நாணயம் கடகடவென்று ஆடும். அந்தக் காலத்துப் பெட்டிகளையே தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், பெட்டியே ஒரு வரலாற்றுப் பொருளாகிவிட்டது. அதை உடைப்பது இரண்டு பொருளில் ஒன்றைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

பெட்டியின் மேல் கீறல் விழுந்திருப்பதற்காக மட்டும் உடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். பிளாஸ்டிக்குக்கு என்றே உள்ள பாலிஷ் போட்டு மென்மையான துணியால் தேய்த்தால் பெரும்பாலான கீறல்கள் மங்கிவிடும். அதிலும் போகவில்லை என்றால், அதே நிறுவனத்துக்கு அனுப்பிப் பெட்டியை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாம்.

சரி, உடைத்த கதைக்கு வருவோம்.

முதலாவது, 1897-ஆம் வருடத்து விக்டோரியா கிரவுன் என்ற பெரிய பிரிட்டிஷ் வெள்ளி நாணயம். முகப்பில் சிற்பி தாமஸ் ப்ராக் வடித்த, முக்காடிட்ட முதிய அரசியின் உருவம். பின்பக்கம் செதுக்குக் கலைஞர் பிஸ்ட்ரூச்சியின் குதிரைவீரன் டிராகனைக் குத்தும் காட்சி. நன்றாகப் புழங்கித் தேய்ந்த நாணயம், கிரேடும் நடுத்தரம்தான். அந்த கிரேடு எழுதிய லேபிளால் அதன் மதிப்பு பெரிதாகக் கூடவுமில்லை. ஆனால் இந்த நாணயத்தில் படிக்க வேண்டிய முக்கியமான செய்தி முகப்பிலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை. விளிம்பில் இருக்கிறது. ‘டெகுஸ் எட் டூட்டாமென்’ என்ற லத்தீன் வாசகமும், அதைத் தொடர்ந்து அரசியின் ஆட்சியாண்டும் புடைப்பெழுத்தில் விளிம்பைச் சுற்றி ஓடும். வெள்ளி நாணயத்தின் ஓரத்தைச் சுரண்டித் திருடுவதைத் தடுக்கத்தான் பழைய காலத்தில் இப்படி விளிம்பில் எழுத்து பொறிக்க ஆரம்பித்தார்கள்.

விக்டோரியா 1837 ஜூன் 20-ல் பட்டத்துக்கு வந்தவர். ஆகவே 60-வது ஆட்சியாண்டு 1897 ஜூன் 19-ல் முடிந்து, மறுநாள் 61-வது தொடங்கியது. 1897 என்று போட்ட கிரவுன்களில் சிலவற்றின் விளிம்பில் ரோமன் எண்ணில் 60 (LX) இருக்கும், சிலவற்றில் 61 (LXI). பட்டியல் நூல்கள் இரண்டையும் தனித்தனி வகையாகவே காட்டுகின்றன. என்னிடம் இருந்த ஸ்லாப்பில் நாணயத்தைச் சுற்றி முழு வளையமாக ஒரு பிடிப்பு. விளிம்பு துளிகூடத் தெரியவில்லை. லேபிளிலும் ஆட்சியாண்டு எழுதவில்லை. இந்த நாணயத்தைப் பொறுத்தவரை பெட்டி எனக்கு எதையும் காட்டவில்லை, ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தது. (இப்போது வரும் சில பெட்டிகளில் நான்கு சின்னப் பற்கள் மட்டும் நாணயத்தைப் பிடித்திருக்கும், விளிம்பு பெரும்பகுதி தெரியும். அப்படி இருந்திருந்தால் உடைத்திருக்க மாட்டேன்.)

உடைப்பதற்கு முன்னால் ஸ்லாப்பின் இருபக்கத்தையும் படம் எடுத்தேன். சான்றிதழ் எண், கிரேடு, நாணயத்தில் உள்ள அடையாளத் தழும்புகள் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, பதிவில் உள்ள நாணயமும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. போலி ஸ்லாப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. உள்ளே இருப்பது போலி என்று சந்தேகம் வந்தால், விற்றவரிடம் கேள்வி கேட்கும்வரை பெட்டி உடையாமல் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

இந்தப் பெட்டிகளின் இரண்டு பாதியையும் பசை போட்டு ஒட்டுவதில்லை. மீயொலி அதிர்வால் ஓரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிச் சேர்க்கிறார்கள். ஆகவே கத்தியை நுழைத்துப் பிரிக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். கத்தி வழுக்கினால் ஒன்று விரலில் ஏறும், இல்லாவிட்டால் நாணயத்தில் ஏறும். துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டுகிறவர்கள் உண்டு. அடி எங்கே இறங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாத எந்த முறையும் எனக்குப் பிடிக்காது. ரம்பத்தால் அறுத்தால் பிளாஸ்டிக் தூள் நாணயத்தின் மேல் படியும். ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டால் எளிதாக உடையும் என்பார்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த உலோகத்தின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும், வெள்ளிக்கும் செம்புக்கும் அது ஆகாது. சூடாக்குவது இதைவிட மோசம்.

நான் எடுத்தது வாய் அகன்ற நிப்பர், அதாவது வெட்டும் குறடு. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். உடையும்போது சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது. மேசையில் தடித்த துண்டு விரித்து, அதன் மேல் மென்மையான மைக்ரோஃபைபர் துணி போட்டேன். நாணயம் துள்ளி விழுந்தாலும் துணியில்தான் விழ வேண்டும். ஸ்லாப்பை நிற்கவைத்து, லேபிள் இருக்கும் பக்கத்து மூலையை நிப்பரின் வாயில் கொடுத்து மெதுவாக அழுத்தினேன். நாணயத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் இடம் அதுதான். படக்கென்று ஒரு சத்தம் வந்து மூலை உடைந்தது. அதே பக்கத்து அடுத்த மூலையிலும் அப்படியே செய்தேன். பிறகு ஓரத்து ஒட்டு ஓடும் கோட்டை மட்டும் கவ்விக் கவ்வி, இரண்டு நீளப் பக்கத்திலும் பாதிவரை இறங்கினேன். நாணயம் இருக்கும் மட்டத்துக்கு நிப்பர் வரவே இல்லை. அதற்குள் ஒட்டு தளர்ந்து, லேபிள் பக்கத்து இடுக்கில் இரண்டு பாதியையும் கையால் விரித்ததுமே பெட்டி திறந்துகொண்டது.

திறந்ததும் ஆர்வத்தில் நாணயத்தை எடுக்கக் கை போகும். அங்கேதான் நிதானம் வேண்டும். வளையத்தின் மேலும் நாணயத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத பொடிச் சில்லுகள் இருக்கும். அதோடு சேர்த்து விரலை வைத்து இழுத்தால் அந்தச் சில்லே உளியாகிக் கோடு போட்டுவிடும். ரப்பர் ஊதுகுழலால் ஊதித் தள்ளினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் துளி பட்ட இடம் பின்னால் கறையாகத் தெரியும். பிறகு வளையத்தை நாணயத்தோடு துணியின் மேல் கவிழ்த்து, வளையத்தின் ஓரத்தை லேசாக வளைத்ததும் நாணயம் தானாக நழுவித் துணியில் இறங்கியது. அதன் இரு முகத்தையும் தொட வேண்டிய அவசியமே வரவில்லை.

விளிம்பை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். எழுத்துகளின் தலையில் தேய்மானம், இடுக்குகளில் பழைய அழுக்கு. வாசகத்தைத் தொடர்ந்து சுற்றிவந்தால் கடைசியில் ரோமன் எண் வருகிறது. 60-க்கும் 61-க்கும் வித்தியாசம் கடைசியில் நிற்கும் ஒரே ஒரு நேர்கோடுதான். முதலில் இல்லை என்றே தோன்றியது. விளக்கின் கோணத்தை மாற்றியதும் பெருக்கல் குறிபோன்ற X-க்கு அடுத்தாற்போல அந்தக் கோடு, பாதி தேய்ந்த நிலையில், எழும்பி நின்றது. 61. அப்படியென்றால் 1897 ஜூன் 20-ல் தொடங்கிய ஆட்சியாண்டைத் தாங்கிய நாணயம் இது. முகப்பில் உள்ள வருடம் சொல்லாத ஒரு தகவலை விளிம்பு சொல்கிறது. ஸ்லாப்புக்குள் இருந்தவரை இந்த நாணயத்தில் எனக்குத் தெரியாமலே இருந்தது இதுதான்.

வெளியே எடுத்துவிட்டோம், எடையையும் பார்த்துவிடலாம் என்று தராசில் வைத்தேன். அடிக்கும்போது இருந்திருக்க வேண்டிய எடை 28.28 கிராம். தராசு 28.20 காட்டியது, இவ்வளவு தேய்மானத்துக்கு அது நியாயமான இழப்பு. அடுத்து அடர்த்தி. தராசின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது, நாணயம் விலக்கிய நீரின் எடை. எனக்கு 2.73 கிராம் வந்தது. 28.20-ஐ அதால் வகுத்தால் சுமார் 10.33. 92.5 சதவீத வெள்ளிக்கு இருக்க வேண்டிய அடர்த்தி ஏறக்குறைய இதுதான். வேற்று உலோகத்தில் வார்த்து வெள்ளி முலாம் பூசிய போலியாக இருந்தால் இந்த எண் பெரும்பாலும் இறங்கிவிடும். புழங்கிய வெள்ளிக்கு மட்டும் இந்தச் சோதனை. ப்ரூஃப் நாணயத்தையோ சிவப்புச் செம்பையோ தண்ணீருக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். சோதனை முடிந்ததும் மென்துணியால் ஒற்றி எடுத்தேன். துடைக்கவில்லை.

இரண்டாவதாக உடைத்தது ஒரு வெண்கலப் பென்னி. இங்கே ஆர்வம் இல்லை, அவசரம். ஸ்லாப்புக்குள்ளேயே எழுத்துகளின் ஓரத்தில் பச்சையாக ஒரு படலம் தெரிந்தது. பழைய படத்தில் இருந்ததைவிட இப்போது பரவியிருந்தது.

இதற்குக் காரணம் அநேகமாக ஸ்லாப்புக்கு வருவதற்கு முன் அது இருந்த மெத்தென்ற பிவிசி உறை. அந்தப் பிளாஸ்டிக்கை வளையவைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய்போன்ற பொருள் நாளாக ஆக வெளியே கசியும். பிவிசியே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடையும் விடும். அது செம்பைத் தாக்கிப் பச்சையாக்கும். ஸ்லாப்புக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்த படலம், உள்ளே போன பிறகும் தன் வேலையை நிறுத்தவில்லை. இங்கே பெட்டி நாணயத்தைக் காப்பாற்றவில்லை, நோயையும் நாணயத்தையும் சேர்த்தே பூட்டி வைத்திருந்தது. இது உடைத்தே ஆக வேண்டிய நிலை. விலை உயர்ந்த நாணயம் என்றால் பெட்டியோடு அப்படியே நிறுவனங்களின் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பலாம், அவர்களே எடுத்துச் சுத்தம் செய்து மறுபடி மூடித் தருவார்கள். இது அந்த வகை இல்லை.

சுத்தமான அசிட்டோன் வாங்கினேன். நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தாலும் வாசனை, நிறம், எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கும், அது உதவாது. பாத்திரம் கண்ணாடியாக இருக்க வேண்டும். பல பிளாஸ்டிக்குகளை அசிட்டோன் கரைத்துவிடும், கரைந்தது நாணயத்தின் மேலேயே படியும். சீக்கிரம் தீப்பற்றும் திரவம் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் அடுப்போ விளக்கோ இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

பென்னியைக் கிண்ணத்தில் இறக்கி மூடிவைத்தேன். தேய்க்கவே கூடாது. படலம் கரையட்டும் என்று விட்டுவிட வேண்டும். இடையிடையே கிண்ணத்தை மட்டும் லேசாகச் சுழற்றினேன். பிறகு புது அசிட்டோனில் ஒரு முறை அலசல். பழைய திரவத்திலிருந்து எடுத்து அப்படியே காயவிட்டால் கரைந்த அழுக்கு மறுபடி பரப்பிலேயே படியும், ஆகவே இரண்டாவது குளியல் முக்கியம். அசிட்டோன் தானே ஆவியாகிப் போய்விடும்.

பச்சைப் படலத்தில் பெரும்பகுதி போய்விட்டது. வருடத்தின் கடைசி எண்ணுக்கு மேலே ஒரு புள்ளி மட்டும் அசையவில்லை. அது பிவிசி பிசுக்கு இல்லை, களிம்பு. செம்பே மாறி உருவானது. அசிட்டோன் பிசுக்கைக் கரைக்கும், களிம்பைக் கரைக்காது. படலம் போன இடத்திலும் ஓர் எழுத்தின் காலடியில் பரப்பு மங்கலாக அரிக்கப்பட்டிருந்தது. அது இனி திரும்பாது. ‘ஸ்லாப்பில் இருக்கிறது, பத்திரம்’ என்று இன்னும் விட்டுவைத்திருந்தால் அந்த எழுத்தே போயிருக்கலாம். களிம்பைச் சுரண்டவோ, புளி, எலுமிச்சை என்று அமிலம் போடவோ ஆசைப்படக் கூடாது. ஒரு புள்ளியை எடுக்கப் போய் மொத்த நாணயத்தின் நிறத்தையும் உரித்துவிடுவோம்.

உடைக்கிறவர்களில் பெரும்பாலோர் விளிம்பு பார்க்கவோ பச்சையை எடுக்கவோ உடைப்பதில்லை என்பதும் தெரியும். கிரேடு கூடும் என்ற நம்பிக்கையில் உடைத்து மறுபடி அனுப்புகிறார்கள். கிரேடு போடுவது மனிதக் கண்தான், ஒரே நாணயம் ஒருமுறை 64-உம் இன்னொருமுறை 65-உம் வாங்கியது உண்டு. ஆனால் 63 ஆவதும் உண்டு, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்ற குறிப்போடு மதிப்பெண்ணே இல்லாமல் திரும்புவதும் உண்டு. அந்த ஆசை இருந்தால் உடைக்காமல் பெட்டியோடே அனுப்புங்கள். குறைந்தபட்சம் இந்த கிரேடு கிடைத்தால் மட்டும் பெட்டியை மாற்று, இல்லாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பு என்று சொல்லும் வசதி இருக்கிறது.

‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று லேபிளில் இருப்பதாலேயே ஸ்லாப்பை உடைத்து, ஒன்றும் சொல்லாமல் வெறும் நாணயமாக விற்கிறார்களே, அதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். உடைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தெரிந்த குறையை மறைக்க இல்லை.

உடைத்த பிறகு லேபிளை நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்புவதையும் நான் கடமையாகவே நினைக்கிறேன். எந்த நாணயம், எந்த கிரேடில், எத்தனை என்று அவர்கள் கணக்கு வெளியிடுகிறார்கள். ஒரே நாணயத்தை ஒருவர் திரும்பத் திரும்ப உடைத்து அனுப்பி, பழைய லேபிள்களைத் தூக்கிப் போட்டால், கணக்கில் பல நாணயங்கள் இருப்பதாகத் தெரியும். அரிதா இல்லையா என்று அந்த எண்ணைப் பார்த்து வாங்கும் எல்லோருக்கும் அது தவறான தகவல். என் கையில் படம் இருக்கிறது, அது போதும். இரண்டு லேபிளையும் அனுப்பிவிட்டேன்.

வெளியே வந்த நாணயத்தை எங்கே வைப்பது என்பதை உடைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் அளவெடுத்த கெட்டி அக்ரிலிக் கேப்ஸ்யூல் வாங்கி வைத்திருந்தேன். கிரவுனின் விட்டம் 38.6 மில்லிமீட்டர் என்று பட்டியலில் இருந்தாலும், வெர்னியரில் அளந்த பிறகுதான் எந்த அளவு பொருந்தும் என்று உறுதியானது. தளர்வாக இருந்தால் நாணயம் உள்ளே உரசிக்கொண்டே இருக்கும். நடுவில் நுரை வளையம் வைத்த வகை விளிம்பை மூடிவிடும் என்பதால் அதை வாங்கவில்லை. கிரவுன் இருக்கும் கேப்ஸ்யூலை இப்போது பக்கவாட்டில் திருப்பினால் விளிம்பு எழுத்து முழுக்கத் தெரிகிறது. பென்னியின் கேப்ஸ்யூலில் தேதி எழுதி ஒட்டி, அந்தக் களிம்புப் புள்ளியை மட்டும் லென்ஸ் வழியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து, புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.